மிஞ்சிய கூறு

பாளையங்கோட்டையைத் தாண்டி, நாலு தெருவும் ஒரு தண்ணீர்த் தொட்டியுமாகக் கிடக்கிற ஆவுடையம்மாள் நகரில், இருபத்துமூன்று வீட்டுக்கு இருபத்துமூன்று கூறு போட்டுவிட்டு நான் நிமிர்ந்து பார்த்தபோது இருபத்துநாலு கூறு கிடந்த அந்தச் சனிக்கிழமை, எனக்குக் கடைவாய்ப் பல்வலியில் உயிர் போய்க்கொண்டிருந்தது, அதனால் ஆச்சரியப்படுவதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை. எவளோ கூட ஒன்று போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். என்னைத் தவிர அங்கே ஒருத்தியும் குனியவே இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

என் பெயர் பாக்கியத்தாய். வீடுகள் சேர்ந்து மொத்தமாகக் காய் வாங்கிப் பங்கு வைக்கிற காய்கறிச் சங்கத்தை நடத்துகிறவள். நடத்துகிறவள் என்றதும் தலைவி கிலைவி என்று நினைத்துவிட வேண்டாம். விடியுமுன்னே எழுந்து, கீழப்பாவூர் பொன்னுத்துரையின் லோடு ஆட்டோ வந்து நிற்கும்போது அங்கே நின்று, மூட்டையைப் பிரித்து, சொத்தையைத் தள்ளி, கூறு போட்டு, அதற்கப்புறம் அத்தனை பேர் வாயிலும் விழுகிறவள் என்று அர்த்தம். கத்தரிக்காய் சின்னது என்பாள் ஒருத்தி. "எங்க வீட்டுல பீர்க்கங்கா திங்கமாட்டாவ, மாத்தித் தாங்க" என்பாள் இன்னொருத்தி, நான் என்னவோ கொடியில் உட்கார்ந்து காய்த்த மாதிரி. ஏழு வருஷம். ஏழு வருஷத்தில், "மைனி, நீங்க செத்த உக்காருங்க, இன்னைக்கு நா பிரிக்கேன்" என்று சொன்ன வாய் ஒரே ஒரு வாய். அந்த ஒருத்தியைத்தான் நான் முந்தின வாரம் சங்கத்தை விட்டு விரட்டியிருந்தேன்.

எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். கூறு போட்டு முடித்ததும் நான் மோட்டார் ரூம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன். எதிர்வீட்டுச் செய்யதம்மாள் ஒரு முருங்கைக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் நுனியால் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பாள். எந்தக் கூறைத் தொடுகிறாள் என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்த பெயரைச் சொல்வேன். சொன்ன பெயருக்கு அந்தக் கூறு. ஆட்டுக்கறி பங்கு வைக்கிற வழக்கம்தான், அதைக் காய்க்குக் கொண்டுவந்தோம். ஓரவஞ்சனை என்று ஒருத்தரும் ஒருத்தரைச் சொல்ல முடியாது. பெயர் சொல்லுமுன் காயைத் தொடக்கூடாது, முக்கியமாக வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கவே கூடாது. சந்தையில் ஒடிக்கலாம், முற்றலென்றால் போட்டுவிட்டு வரலாம், அது கடைக்காரன் பாடு. இங்கே ஒடித்துப் போட்டால் மறுநாள் நுனி கறுத்துக் கொழகொழத்து, அடுத்த வீட்டுக்காரி பாடு. பங்கு வைக்க முடியாத சில்லறைக் காய், அதாவது ஒற்றை வாழைக்காய், ஒரு பிடி அவரை, பாதி மாங்காய், இதெல்லாம் அங்கேயே தொட்டி நிழலில் பெரிய அண்டாவில் கூட்டாஞ்சோறாகும். மத்தியானம் எல்லா வீடும் தட்டோடு வந்துவிடும். உள்ளதைச் சொன்னால் பாதிப் பேர் அந்தச் சோற்றுக்காகத்தான் சங்கத்தில் இருந்தார்கள். அதைப் பொங்குகிறவள் இரண்டாம் தெருச் சுடலைவடிவு. மூட்டை பிரிக்கிறேன் என்று சொன்ன வாயும் அவள் வாய்தான்.

மூன்று மாசமாக எல்லார் கூறிலும் வெண்டைக்காய் நுனி ஒடிந்து போய்க்கொண்டிருந்தது. டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஞானதுரை சார், ஒடிந்த வெண்டைக்காயையெல்லாம் ஒரு தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கி, சீர்வரிசை மாதிரி என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். "பாக்கியம், இது என்ன சங்கமா, சந்தைக்கடையா?" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். எந்த மூதேவி கை அது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை காலிச் சாக்கை உதறிவிட்டுத் திரும்புகிறேன், சுடலைவடிவு கையில் ஒரு வெண்டைக்காய், நுனி தொங்குகிறது.

"ஏட்டி, நீதானா அது?" என்றேன்.

"நா ஒடிக்கல மைனி. ஒடிஞ்சு கீழ கெடந்துது, எடுத்தேன்."

"கெடந்துதாம்! காய்க்குக் கையா மொளச்சிருக்கு, தானா ஒடிஞ்சு கெடக்க?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே தெரியாது. எல்லாரும் கூடி நிற்கும்போதே, "இந்தச் சங்கத்துல ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நா இருக்கணும், ரெண்டுல ஒண்ணு இப்பமே சொல்லுங்க" என்றேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். செய்யதம்மாள் தன் முருங்கைக்காயைப் பார்த்தாள். சுடலைவடிவு கொண்டுவந்த பையை உதறி, நாலாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் நான் சொன்ன அந்தப் பல்வலிச் சனிக்கிழமை. ஞானதுரை சார் ஒவ்வொரு கூறாகக் குடைக்கம்பியால் தட்டி எண்ணி, "இருபத்துநாலு" என்றார். சரியென்று மிஞ்சினதைக் கலைத்து மற்ற கூறுகளில் ஆளுக்கொரு பிடியாகப் போட்டேன். நிமிர்ந்தால் இருபத்துநாலு. எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து முதலிலிருந்து போட்டேன். இருபத்துநாலு. வெயில் ஏறிவிட்டது, பல் விண்விண்ணென்று தெறிக்கிறது. "சவத்தைத் தள்ளுங்க, யாராவது ஒரு ஆளு ரெண்டா எடுத்துட்டுப் போங்க" என்றேன். அதிகமாகக் குறை சொல்கிறவர் என்பதால் ஞானதுரை சாருக்கே கொடுத்தோம்.

அது வேகவில்லை. குக்கரில் பதினெட்டு விசில் வைத்தும் பீன்ஸ் பச்சையாக, ஒடித்தால் சத்தம் கேட்கிற பருவத்திலேயே இருந்ததாம். சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று அதற்கும் என்னைத்தான் ஏசினார். கொண்டுவந்து தொட்டி அடியிலேயே வைத்தார். மறு வாரமும் ஒரு கூறு மிஞ்சியது, அதைச் செய்யதம்மாள் கொண்டுபோய் எண்ணெயில் போட்டாள், எண்ணெய்தான் கறுத்தது. அதற்கடுத்த கூறை மாட்டுக்கு வைத்தோம், மாடு மோந்து பார்த்துவிட்டு, நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. வெந்தும் தொலையவில்லை, வாடியும் தொலையவில்லை. கத்தரிக்காய் காம்பில் முள்ளோடு, கீரை ஈரத்தோடு, வாரத்துக்கு ஒன்றாகத் தொட்டி நிழலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

ஊர் பழகிக்கொள்கிற வேகத்தைப் பாருங்கள். மூன்றாவது வாரம் கேஸ்காரனுக்கு வழி சொல்லும்போது, "தொட்டியடியில மூணு கூறு கெடக்குமில்லா, அதுக்கு நேரே உள்ள வீடு" என்கிறார்கள். நாலாவது வாரம் புதுசாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் கூறுகளுக்குக் குங்குமம் வைத்துவிட்டாள். செய்யதம்மாளின் ஆடு கூறில் முதுகை உரசிக்கொண்டு தூங்கியது. ஞானதுரை சார் பிள்ளைகளைக் கூட்டிவந்து, இவ்வளவு நாள் வாடாத கத்தரிக்காய் வரைவதற்கு வேறெங்கே கிடைக்கும் என்று படம் போட வைத்தார். "மைனி, கூறெல்லாம் வழியில கெடக்கு, ஸ்கூட்டர் நிறுத்த எடமில்ல" என்று என்னிடம் புகார் வேறு. இத்தனை பேசினார்களே, இது யாருக்கு என்று ஒரு வாய் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வயிற்றெரிச்சல் அது மட்டுமில்லை. அவளை விரட்டின பிறகும் வெண்டைக்காய் ஒடிந்தேதான் இருந்தது. வருகிற வழியில் ஒடிகிறது என்று சொல்லிப் பொன்னுத்துரையைப் போனில் கிழி கிழியென்று கிழித்தேன். "ஆமா மைனி, வழியிலதான் ஒடியும்" என்றார்கள் எல்லாரும், அதுவும் கேட்டுமுடிக்கும் முன்னே. செய்யதம்மாள் என் கையைப் பார்த்தாள், அப்புறம் தொட்டியைப் பார்த்தாள்.

ஏழாவது வாரம், அவள் போனபின் நாங்களாகவே பொங்கிக்கொண்டிருந்த அண்டாவும் கைவிட்டுவிட்டது. அரிசி வெந்தது, பருப்பு குழைந்தது, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டதில் மணம்கூட வந்தது, காய் மட்டும் கல்லாக நின்றது. தட்டும் கையுமாக அத்தனை சனமும் வெயிலில் நின்று, கத்தரிக்காயைத் துப்பித் துப்பித் தின்றது. அன்றைக்கே நாலு வீடு நின்றுகொண்டது. பொன்னுத்துரை கூப்பிட்டார். "இருபது வீடாவது இருந்தாத்தான் வண்டி கட்டுபடியாவும் மைனி. நீங்க பத்தொம்பதுன்னு சொல்லுதிய. இன்னும் ரெண்டு சனிக்கிழமை பாக்கேன், அதுக்கு மேல என்னைய ஒண்ணும் சொல்லாதிய" என்றார்.

போனை வைத்தேன். எத்தனை தரம் இந்தச் சங்கத்தைச் சனியன் என்று ஏசியிருப்பேன். ஆனால் அது இல்லையென்றால் நான் யார்? என் பேச்சைக் கேட்க வீட்டில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் இருக்கிறார், அவரும் கேட்கமாட்டார். தெருவில் நான் நடந்தால் இருபது வாசலில் "மைனி" என்ற சத்தம் கேட்கும், ஏசுவதற்கென்றாலும் கேட்கும். அது எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், அது எனக்கு வேண்டும்.

எட்டாவது வாரம் மிஞ்சின கூறை நானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வேகிறாயா இல்லை நான் வேகட்டுமா என்று ஒரு முடிவோடு, முற்றத்தில் முறத்தை விரித்து உட்கார்ந்து, சங்கத்துக்காரிகள் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி வைதுகொண்டே காய் ஆய்ந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் ஒடிச்சிட்ட. இனி எதை நறுக்கப் போற?" என்றார் பேப்பரை இறக்காமல்.

குனிந்து பார்த்தேன். முறம் முழுக்க வெண்டைக்காய், அத்தனையும் நுனி ஒடிந்து. என் வலது கட்டைவிரல் அப்போதும் ஒன்றின் நுனியில் நின்றுகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டிக்.

"நா எப்பம் ஒடிச்சேன்?"

"நீ எப்பம் ஒடிக்காம இருந்த? கல்யாணம் ஆன நாள்ல இருந்து வெண்டைக்காயக் கண்டா உன் வெரலு சும்மா இருக்காது. வாய் பேசும், வெரலு ஒடிக்கும்."

"இத ஏன் முன்னாலயே சொல்லல?"

"நீ எங்க கேட்ட?" என்று பக்கத்தைப் புரட்டினார்.

மூட்டை பிரிக்கிறவள் நான். முதலில் கை வைக்கிறவள் நான். கை வைத்துக்கொண்டே யாரையாவது வைதுகொண்டிருப்பவளும் நான்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் மனுஷ புத்தி பாருங்கள், அந்த நிமிஷத்திலும் எனக்குத் தோன்றியது, இதைக் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்பதுதான்.

மறுநாள் காலையில் அந்தக் கூறைப் பையில் போட்டுக்கொண்டு சுடலைவடிவு வீட்டுக்குப் போனேன். வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். வா என்று சொல்லவில்லை.

"உன் கூறுட்டீ, இந்தா" என்று பையை நீட்டினேன்.

விரித்துப் பார்த்தாள். "இதையும் ஒடிச்சிட்டியளா மைனி?"

எனக்கு முகம் தீயாகிவிட்டது. "உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு உங்க கையிலேருந்து விழுந்ததத்தான் எடுத்தேன். உங்க கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். உங்களுக்கே தெரியும், நீங்களே சொல்லுவியன்னு நெனச்சேன். நீங்க என்னையச் சொன்னிய."

"தெரியாமச் செஞ்சிட்டேன்டி. சத்தியமா எனக்கே தெரியாது. நீ சனிக்கிழமை பேசாம வந்துரு, நா உன் கூறைத் தனியா எடுத்து வைக்கேன், யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ."

அவள் பையின் வாயை மடித்து என் கையிலேயே திணித்தாள். "நாலு பேரு முன்னால போகச் சொன்னிய. நாலு பேரு முன்னால கூப்பிடுங்க, வாரேன். எங்க வீட்டுக்காரரு இன்னும் கேக்காரு, அம்புட்டுச் சனத்துல உன்னைய மட்டும் ஏன் வெரட்டுனாவன்னு." சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது அந்தக் கூறையும் தொட்டியடி வரிசையிலேயே கொண்டுவைத்தேன். அந்த வாரம் முழுக்க அவள் மேலே கோபம், வீட்டுக்காரர் மேலே கோபம், கட்டைவிரல் மேலே கோபம். சனிக்கிழமை கட்டைவிரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு போய் மூட்டையைப் பிரித்தேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு பிரித்தேன். ஒரு வெண்டைக்காய் ஒடியவில்லை. விரலில் என்ன கட்டு என்று ஒருத்தி கேட்கவேண்டுமே! ஒருத்தியும் கேட்கவில்லை. பத்தொன்பது வீட்டுக்குக் கூறு போட்டு நிமிர்ந்தேன், இருபது கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் பழைய எட்டும், குங்குமத்தோடு.

சுவரைப் பார்த்துத் திரும்பினேன். பத்தொன்பது பெயரையும் சொன்னேன். செய்யதம்மாள் முருங்கைக்காயைக் கீழே போடப் போனது எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது.

"நிறுத்தாதிய மைனி. மிஞ்சினதையும் கேளுங்க. பழசையும் கேளுங்க" என்றேன்.

"இது யாருக்கு?" என்றாள்.

"சுடலைவடிவுக்கு."

ஒரு பிள்ளையை அனுப்பி அவளைக் கூட்டிவரச் சொன்னார்கள் போல, யாரோ ஓடுவது கேட்டது. செய்யதம்மாள் நகர்ந்து நின்று, "இது யாருக்கு?" என்றாள். சுடலைவடிவுக்கு. இது யாருக்கு? சுடலைவடிவுக்கு. பீன்ஸ் வேகாத கூறு யாருக்கு, எண்ணெய் கறுத்த கூறு யாருக்கு, மாடு மோந்துவிட்டுப் போன கூறு யாருக்கு, ஆடு படுத்திருந்த கூறு யாருக்கு, பிள்ளைகள் படம் போட்ட கூறு யாருக்கு, ஒவ்வொன்றுக்கும் நான் சுவரைப் பார்த்து அந்த ஒரே பெயரைச் சொன்னேன், ஒன்பதாவது தரம் சொல்லும்போது பின்னால் அவள் வளையல் சத்தம் கேட்டுவிட்டது, அதற்குமேல் தாங்காமல், "வெண்டைக்காய ஒடிச்சது அவ இல்ல, நாந்தான், இந்தக் கட்டைவெரலுதான், அவ மேல பழி போட்டது நாந்தான்" என்று சுவரிடம் கத்திவிட்டேன்.

ஐயோ என்று ஒரு வாய் சொல்லவேண்டாமா? அடப்பாவி என்றாவது ஏசவேண்டாமா? ஒன்றுமில்லை.

"தெரியும் மைனி" என்றாள் செய்யதம்மாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க மூட்டை பிரிச்சா டிக் டிக்குன்னு எங்க வீட்டு வாசல் வரைக்கும் கேக்குமே."

"அப்பமே தெரியும்" என்றார் ஞானதுரை சார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "தாம்பாளத்த உங்க வீட்டுக்குக் கொண்டாந்ததே அதுக்குத்தான். புரிஞ்சுக்கிடுவியன்னு பாத்தேன்."

"தெரிஞ்சா அவ போகும்போது வாயில என்ன வச்சிருந்திய?"

"நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, விடியக்காலம் யாரு எந்திச்சு மூட்டை பிரிக்க?" என்று ஒரு குரல். யார் குரல் என்று தெரியவில்லை. யார் குரலாகவும் இருக்கலாம்.

வந்த கோபத்துக்கு அந்தச் சுவரையே இடித்திருப்பேன். என் ஒருத்தி விரல் ஒடித்தது வெண்டைக்காயை. இத்தனை பேருமாகச் சேர்ந்து ஒரு பொம்பளையை ஒடித்துப் போட்டிருக்கிறோம், அதுவும் மூட்டை பிரிக்கச் சோம்பல்பட்டு! திரும்பி நாலு வார்த்தை கேட்கலாம் என்று எத்தனித்தேன்.

"மைனி, திரும்பாதிய" என்றாள் சுடலைவடிவு. அப்புறம் சொன்னாள், "எல்லாரும் அவிய பக்கத்துல போய் நில்லுங்க. சுவரப் பாத்து. நா சொல்லுத வரைக்கும்."

செருப்புச் சத்தம் ஒன்று கேட்டது, பிறகு பத்து, பிறகு எல்லாம். எனக்கு இந்தப் பக்கம் செய்யதம்மாள், அந்தப் பக்கம் ஞானதுரை சார், அவருக்கப்பால் குங்குமம் வைத்த பெண், நின்றுபோன நாலு வீட்டுக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்து வசமாக மாட்டிக்கொண்டு, ஆவுடையம்மாள் நகர் முழுக்க மோட்டார் ரூம் சுவரைப் பார்த்து நின்றது. பின்னால் ஒன்பது கூறும் அவளும். டிக் என்றது ஒரு வெண்டைக்காய். டிக், டிக், அவள் கூறு, அவள் ஒடிக்கலாம், அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக ஒடித்தாள். கால் கடுத்தது. ஞானதுரை சார் முனகினார், செய்யதம்மாள் அவர் காலை மிதித்தாள். விறகு பற்றுகிற சத்தம், அரிசி களைகிற சத்தம், ஆட்டுக்கல்லில் தேங்காய் அரைபடுகிற சத்தம். வெயில் எங்கள் முதுகில் ஏறி உச்சிக்கு வந்தது. அப்போது வந்தது மணம். முதலில் புளித்தண்ணீரில் வெண்டைக்காய்ப் பச்சடி கொதிக்கிற மணம், அதன் பின்னாலேயே கத்தரிக்காய், மாங்காய், அவரை, ஒன்பது வாரத்துக் காய் அத்தனையும் சேர்ந்து வெந்து குழைகிற மணம். எனக்கு ஒரு பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம், மறு பக்கம் தொண்டை விழுங்குகிற சத்தம். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கட்டுப்போட்ட கைதான் இருந்தது.

"திரும்புங்க மைனி. ஆறிப்போவும்" என்றாள்.

இருபத்துமூன்று வீடும் திரும்பியது. எனக்குத்தான் முதல் தட்டு வைத்தாள். காய் பூப்போல வெந்திருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தேன், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். உப்பு ஒரு கல் குறைவுதான், எல்லார் நாக்குக்கும் அது தெரிந்திருக்கும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

"உப்பு கொறையுதுன்னு இந்த ஊருல ஒரு ஆளு சொல்லமாட்டிய, இல்லியா?" என்றாள் சுடலைவடிவு, தன் தட்டை எடுத்துக்கொண்டு.

"கொறையுதுட்டீ" என்றேன் நான். உப்புச் சட்டியை நானே எழுந்து எடுத்துவந்தேன்.